பவுன், பவுண்டு, ராத்தல்: ஜகாத் கணக்கில் எடை மாறிப்போகும் இடங்கள்

சென்ற ரமலானில் ஒரு நாள் தராவீஹ் முடிந்து ஹவுளு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து கைப்பேசியை நீட்டினார்.

"ஹஜரத், உம்மாகிட்ட பத்து கிராம் தங்கக் காசு ஒன்பது இருக்கு. நகை இல்ல. வாப்பா சேமிப்பா வாங்கி வச்சுட்டுப் போனது. எல்லாம் 24 காரட். கையில வேற சேமிப்பும் இல்ல. இந்த ஆங்கிலக் குறிப்புல தங்கத்துக்கு நிஸாப் 3 அவுன்ஸ்னு போட்டிருக்கு. தங்க அவுன்ஸ் 31 கிராம். மூணு அவுன்ஸ்னா 93 கிராம். உம்மாகிட்ட 90 தானே. வாப்பா மௌத்தாகி நாலு வருஷமா இதை வச்சுத்தான் ஜகாத் கடமை இல்லைன்னு விட்டுட்டோம். சரிதானே?"

அவருடைய பெருக்கலில் பிழை இல்லை. தங்கம் விற்கும் அவுன்ஸ் 31.1 கிராம் என்பதும் சரி. லண்டனில் இருந்துகொண்டு இவ்வளவு அக்கறையாக உம்மாவுக்காகக் கணக்குப் போட்ட பிள்ளையைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் விடை தவறு. அந்தக் குறிப்பை எழுதியவர் மனத்தில் இருந்த அவுன்ஸ் வேறு, தம்பி பெருக்கிய அவுன்ஸ் வேறு. பெயர் ஒன்றாக இருந்ததால் ஏழைகளுக்குச் சேர வேண்டிய பங்கு நான்கு வருடமாக ஒரு பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது.

இப்படிப்பட்ட கேள்விகள் நம்மூரில் அடிக்கடி வருகின்றன. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அளவையில் குறை செய்வோரைப் பற்றி ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீனில் வரும் எச்சரிக்கையை நாம் கடைக்காரருக்கு மட்டும் உரியதாக எண்ணிக்கொள்கிறோம். நம் வீட்டுத் தங்கத்தை நாமே நிறுத்துக் கணக்குப் போடும்போது தராசு நம் கையில்தான் இருக்கிறது.

ஒரே பெயர், வேறு வேறு எடை

காரைக்கால் குடும்பம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பெரியவர் பாரிஸில் இருப்பார். அங்கே சந்தையில் ‘லிவ்ர்’ என்று கேட்டால் அரைக் கிலோ, அதாவது 500 கிராம் போடுவார்கள். லிவ்ர் என்றால் பவுண்டு என்றுதான் பொருள். மகன் லண்டனில். அங்கே பவுண்டு 453.6 கிராம். கொழும்பில் சம்பந்தம் செய்த வீட்டில் ‘ஒரு ராத்தல் பாண்’ வாங்குவார்கள். அந்த ராத்தலும் இங்கிலீஷ் பவுண்டுதான், 450 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். உம்மா இங்கே காரைக்காலில் நகைக் கடைக்குப் போய் ‘ரெண்டு பவுன்ல வளையல்’ என்பார். அந்தப் பவுன் 8 கிராம். பவுண்டு என்ற ஒரே பெயரைச் சுற்றி வருபவைதான் இவையெல்லாம்.

கிலோவையும் கிராமையும் உலகுக்குக் கொடுத்தது பிரான்ஸ். 1795இல் சட்டம் போட்டு கிராமுக்கு அளவு சொன்னார்கள். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றிய சில காலம் நீங்கலாக 1954 வரை அவர்கள் ஆட்சியில் இருந்த ஊர் நம்முடையது. ஆனாலும் நம் நாவில் ஒட்டிக்கொண்டது இங்கிலீஷ்காரரின் பவுன்தான். கல்லூரியில் வரலாறு படித்த காலத்திலிருந்தே எனக்கு இதில் ஒரு வியப்பு உண்டு.

பவுன் என்பது முதலில் எடை அல்ல, நாணயம். 1817 முதல் இங்கிலாந்து வெளியிட்ட ஒரு பவுண்டு தங்கக் காசுக்குச் சாவரின் என்று பெயர். அதைத்தான் நாம் சவரன் என்கிறோம். அதன் மதிப்பு ஒரு பவுண்டு என்பதால் பவுன் என்றும் சொன்னோம். அந்தக் காசின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட். அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.322 கிராம். நம் கடைக்காரர்கள் முழு எண்ணாக 8 கிராம் என்று வைத்துக்கொண்டார்கள். பதினொரு பவுனுக்குக் கூட இந்த வித்தியாசம் 0.13 கிராம்தான், அது போகட்டும். யாரிடமாவது ஜார்ஜ் மன்னர் தலை போட்ட அசல் காசுகள் இருந்தால் மட்டும் எண்ணிப் பெருக்காமல் நிறுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

வீசை, மணங்கு தெரிந்த பெரியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. சென்னைப் பக்கத்து மணங்கு 8 வீசை, சுமார் 11.2 கிலோ. வடக்கே சர்க்கார் மணங்கு 40 சேர், 37.3 கிலோ. பெயர் ஒன்று, எடை மூன்று மடங்குக்கு மேல். இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் 1956இல் எடை அளவுச் சட்டம் கொண்டுவந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவுக்கு மாறினார்கள். கடையில் குழப்பம் போய்விட்டது. பழைய கிதாபுகளிலும் வெளிநாட்டுக் குறிப்புகளிலும் இன்னும் இருக்கிறது.

இரண்டு அவுன்ஸ்

இங்கிலீஷ் எடையில் இரண்டு பரம்பரை உண்டு. ஒன்று மளிகைக்கும் இறைச்சிக்கும் உரியது. அதில் 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு, ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். மற்றது தங்கம் வெள்ளிக்கு உரிய ட்ராய் எடை. அதில் ஒரு அவுன்ஸ் 31.1035 கிராம், 12 அவுன்ஸ் ஒரு ட்ராய் பவுண்டு. இரண்டுக்கும் அடியில் உள்ள பொது அளவு ‘கிரெயின்’, அதாவது தானியமணி. மளிகை அவுன்ஸுக்கு 437.5 கிரெயின். தங்க அவுன்ஸுக்கு 480 கிரெயின். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம்.

நம் ஃபுகஹாக்களும் தானியத்தை வைத்துத்தான் மிஸ்காலை விளக்கினார்கள். இருமுனையும் நறுக்கிய நடுத்தர வாற்கோதுமை மணி 72 கொண்டது ஒரு மிஸ்கால் என்பது ஷாஃபிஈ கிதாபுகளில் பிரபலம், ஹனஃபி கிதாபுகளில் 100 மணி. மணி ஊருக்கு ஊர் பருக்கும், சிறுக்கும். ஆகவே மணியை எண்ணி மட்டும் இன்று கிராம் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது தம்பியின் குறிப்புக்கு வருவோம். தங்க நிஸாப் 3 அவுன்ஸ், வெள்ளி நிஸாப் 21 அவுன்ஸ் என்று ஆங்கிலக் குறிப்புகள் சிலவற்றில் பார்க்கலாம். மூன்றை 28.35ஆல் பெருக்கினால் 85 கிராம். இருபத்தொன்றைப் பெருக்கினால் 595 கிராம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இன்று பலர் சொல்லும் நிஸாப் எடைகள் இவையேதான். ஆகவே அங்கே எழுதப்பட்டிருப்பது மளிகை அவுன்ஸ் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. தங்க அவுன்ஸில் சொல்வதென்றால் 85 கிராம் 2.73 அவுன்ஸ்தான், 595 கிராம் 19.13 அவுன்ஸ்தான்.

மூன்று தங்க அவுன்ஸ் என்று எடுத்தால் நிஸாப் 93.3 கிராமாக உயர்ந்துவிடும். 85க்கும் 93க்கும் நடுவில் இருப்பவர்கள் எல்லோரும் ‘எனக்குக் கடமை இல்லை’ என்று விலகிவிடுவார்கள். கிராம் 10,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்த உம்மாவின் 90 கிராம் 9 லட்ச ரூபாய். அதில் நாற்பதில் ஒரு பங்கு 22,500 ரூபாய். ஒரு வருடத்துக்கு ஒரு வீட்டில் இவ்வளவு.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கிறது. உலகச் சந்தையில் தங்க விலையை ஓர் அவுன்ஸுக்கு இவ்வளவு டாலர் என்று சொல்வார்கள். அது தங்க அவுன்ஸ். கைப்பேசியில் ‘ஒரு அவுன்ஸ் எத்தனை கிராம்’ என்று கேட்டால் பெரும்பாலும் 28.35 என்று மளிகைக் கணக்கைச் சொல்லும். அதால் வகுத்தால் ஒரு கிராம் விலை கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடிவிடும். நிஸாபின் பண மதிப்பும் அந்த அளவு கூடும். கையிருப்புப் பணம் நிஸாபுக்குச் சற்று மேலே இருப்பவர் இல்லாத ஒரு சலுகையை எடுத்துக்கொள்வார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விலையை 31.1035ஆல் வகுக்கட்டும். அதைவிட எளிது, ஊர் நகைக் கடையின் 24 காரட் கிராம் விலையைப் பார்ப்பது.

85ஆ, 87.48ஆ?

இந்த இடத்தில் பலருக்கும் வரும் சந்தேகம் இது. ஒருவர் 85 கிராம் என்கிறார், இன்னொருவர் ஏழரைத் தோலா என்கிறார், நம்மூர்ப் பெண்கள் பதினொரு பவுன் என்கிறார்கள். இதில் யாருக்கும் பெருக்கல் தவறவில்லை. மிஸ்காலின் எடை எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு.

நிஸாப் 20 மிஸ்கால் தங்கம், 200 திர்ஹம் வெள்ளி. இதில் கருத்து வேறுபாடு பெரிதாக இல்லை. பத்து திர்ஹம் ஏழு மிஸ்கால் எடை என்பதும் தெரிந்ததே. உமைய்யா கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் வெளியிட்ட தீனார்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றை நிறுத்துப் பார்த்ததில் ஒரு தீனார் சுமார் 4.25 கிராம். இருபதால் பெருக்கினால் 85. திர்ஹம் அதில் பத்தில் ஏழு, 2.975 கிராம். இருநூறால் பெருக்கினால் 595. அரபு நாட்டு ஆலிம்கள் பெரும்பாலும் இந்த வழியில் வருகிறார்கள்.

நம் நாட்டு ஹனஃபி ஆலிம்கள் வேறு வழியில் வந்தார்கள். அவர்கள் கையில் இருந்த எடை தோலா, மாஷா. 12 மாஷா ஒரு தோலா. ஒரு மிஸ்கால் நாலரை மாஷா என்று கணித்தார்கள். இருபது மிஸ்கால் 90 மாஷா, அதாவது ஏழரைத் தோலா. திர்ஹம் 3.15 மாஷா, இருநூறு திர்ஹம் 630 மாஷா, அதாவது ஐம்பத்திரண்டரைத் தோலா. முஃப்தி முஹம்மத் ஷஃபீ அவர்கள் ஷரீஅத் எடைகளைப் பற்றி உருதுவில் தனி நூலே எழுதியிருக்கிறார்கள்.

தோலா எத்தனை கிராம்? இங்கேதான் இங்கிலீஷ் எடை மறுபடியும் குறுக்கே வருகிறது. 1833இல் கம்பெனி அரசு ஓர் ஒழுங்குமுறை போட்டு, வெள்ளி ரூபாயின் எடையான 180 கிரெயினே ஒரு தோலா என்று நிலைப்படுத்தியது. 180 கிரெயின் 11.664 கிராம். ஆகவே ஏழரைத் தோலா 87.48 கிராம், ஐம்பத்திரண்டரைத் தோலா 612.36 கிராம். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட, அதிகம் தேயாத வெள்ளி ரூபாய் இருந்தால் அதுதான் ஒரு தோலா. நகைக் கடை மின்தராசில் வைத்துப் பாருங்கள், 11.6ஐ ஒட்டிக் காட்டும்.

எட்டுத் தோலா மூன்று தங்க அவுன்ஸ் என்பது மிச்சமில்லாமல் வகுபடும் கணக்கு. துபாயில் வேலை பார்த்தவர்கள் சொல்லும் ‘பத்துத் தோலா பிஸ்கட்’ 116.64 கிராம். அதாவது மூன்றே முக்கால் அவுன்ஸ்.

மும்பை போன்ற ஊர்களில் பேச்சுவழக்கில் பத்து கிராமையே தோலா என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கிருந்து வரும் காணொளியில் ‘ஏழரைத் தோலா’ என்று கேட்டுவிட்டு 75 கிராம் என்று குறித்துக்கொண்டு வந்த சகோதரி ஒருவரை எனக்குத் தெரியும். நிஸாபின் தோலா அந்தப் பத்து கிராம் தோலா அல்ல.

பதினொரு பவுன் என்பது எப்படி வந்தது? 87.48ஐ எட்டால் வகுத்தால் 10.93. அதை முழுதாக்கிப் பதினொன்று என்றார்கள். 85 கிராமை எட்டால் வகுத்தால் 10.63 பவுன், பத்தரைப் பவுனுக்குச் சற்று மேல். ஞாபகத்துக்கு முழு எண் நல்லதுதான். ஆனால் எல்லையில் நிற்பவர் முழு எண்ணை நம்பக் கூடாது. நிஸாபை மேலே முழுதாக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளி வாங்குபவரின் கையிலிருந்துதான் கழிகிறது. 87.6 கிராம் வைத்திருப்பவர் இரண்டு கணக்கிலும் நிஸாபைத் தாண்டியவர். ‘பதினொரு பவுன் ஆகலையே’ என்று அவர் விட்டுவிட முடியாது.

இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டால், உங்கள் மத்ஹபின் நம்பகமான ஆலிம் சொல்வதை எடுங்கள் என்பேன். எடுத்ததை வருடாவருடம் மாற்றாதீர்கள். 86 கிராம் இருக்கும் வருடம் மட்டும் 87.48 பக்கம் சாய்வது சரியல்ல.

காரட்டையும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காரட் என்ற சொல்லே அரபியின் ‘கீராத்’. நகைத் தங்கம் 22 காரட், அதில் 24இல் 22 பங்குதான் தங்கம். பதினொரு பவுன் நகை 88 கிராம் என்றாலும் சுத்தத் தங்கம் 80.67 கிராம்தான். ஷாஃபிஈ மத்ஹபில் கலப்பு நீக்கிய சுத்தத் தங்கம் நிஸாபை எட்ட வேண்டும். அப்படியானால் 85 கிராம் சுத்தத் தங்கத்துக்கு 22 காரட்டில் 92.73 கிராம், சுமார் 11.6 பவுன் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் தங்கம் மிகுதியாக இருந்தால் முழுவதும் தங்கமாகவே கணக்கு. அது போக, பெண்கள் முறையாக அணியும் நகைக்கு ஜகாத் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து, ஹனஃபியில் உண்டு. நம் கடற்கரையில் ஷாஃபிஈகள் அதிகம், ஹனஃபிகளும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் மேலே சொன்ன உம்மாவிடம் இருந்தவை 24 காரட் காசுகள், அணிவதற்கும் அல்ல. அதனால் அங்கே இந்த இரண்டு கேள்விக்கும் இடமில்லை.

ராத்தலில் உள்ள பொறி

தங்கத்தை விட இதில் ஏமாறுவது எளிது. ஏனென்றால் சொல் நம்முடையது போலவே ஒலிக்கிறது.

அரபியில் ‘ரத்ல்’ என்று ஓர் எடை. அதுவே தமிழில் ராத்தல் ஆனது. இங்கிலீஷ் பவுண்டு வந்தபோது அதற்குத் தமிழில் தனிப் பெயர் வைக்காமல் இந்த ராத்தலையே சூட்டிவிட்டார்கள். ‘ஒரு ராத்தல் தேயிலை’ என்று நம் பாட்டிமார் சொன்னது 453.6 கிராம். கிதாபில் வரும் ரத்ல் அதுவல்ல, பக்தாத் ரத்ல். இமாம் நவவி அவர்கள் அதை 128 4/7 திர்ஹம் என்கிறார்கள். திர்ஹம் 2.975 கிராம் என்று வைத்தால் 382.5 கிராம் வருகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு ஸாஉ என்பது ஐந்தே மூன்றில் ஒன்று ரத்ல். பக்தாத் ரத்லில் 2.04 கிலோ. இங்கிலீஷ் ராத்தலில் பெருக்கினால் 2.42 கிலோ. ஃபித்ராவில் இந்தத் தவறு நடந்தால் கேடு இல்லை, ஏழைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போகும். மேலும் ஸாஉ அடிப்படையில் எடை அல்ல, நாழி, படி போல முகத்தலளவை. பேரீச்சையும் கோதுமையும் அரிசியும் ஒரே பாத்திரத்தில் ஒரே எடை இருக்காது. நம் பக்கத்தில் பல ஜமாஅத்கள் பேணுதலாக இரண்டரைக் கிலோ அரிசி என்று அறிவிப்பது இதனால்தான். எடைக்கு மக்காவாசிகளின் எடையையும் முகத்தலுக்கு மதீனாவாசிகளின் அளவையும் நபி (ஸல்) அவர்கள் ஆதாரமாகக் காட்டினார்கள் என்ற கருத்தில் அபூதாவூதிலும் நஸாயீயிலும் ஹதீஸ் இருக்கிறது. எடை வேறு, முகத்தல் வேறு என்பது அப்போதே பிரித்துச் சொல்லப்பட்ட விஷயம்.

விளைச்சலில்தான் ராத்தல் கெடுதல் செய்யும். நெடுங்காடு, அம்பகரத்தூர் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். விளைச்சலின் நிஸாப் ஐந்து வஸக், அதாவது 300 ஸாஉ, அதாவது 1600 பக்தாத் ரத்ல். மேலே சொன்ன கணக்கில் 612 கிலோ. ஸாஉவைச் சற்றுக் கூடுதலாக எடுத்து 653 கிலோ என்று சொல்லும் ஆலிம்களும் உண்டு. ஆனால் ‘1600 ரத்ல்’ என்பதைத் தமிழில் ‘1600 ராத்தல்’ என்று படித்து, அதை இங்கிலீஷ் பவுண்டாக எண்ணிப் பெருக்கினால் 726 கிலோ வந்துவிடும். 700 கிலோ அரிசி கண்ட விவசாயி, ஆலிம்கள் சொன்ன இரண்டு கணக்கிலும் நிஸாபைத் தாண்டியவர். ஒரு மொழிபெயர்ப்புச் சொல் அவரைத் தாண்டாதவராக்கிவிடும்.

இது உமி நீக்கிய அரிசிக் கணக்கு. உமியோடு சேமிக்கும் நெல்லுக்குப் பத்து வஸக் என்று ஷாஃபிஈ கிதாபுகளில் உள்ளது. இமாம் அபூஹனீஃபாவிடம் விளைச்சலுக்கு நிஸாபே இல்லை, குறைவானாலும் கடமை. இந்த மஸ்அலாவைத் தனியாக ஒரு நாள் எழுதலாம்.

தங்கத்துக்கு வெளியே

எடையின் பெயர் ஏமாற்றுவது ஜகாத்தோடு நிற்பதில்லை. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் மாண்ட்ரியலிலிருந்து எட்மண்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடா விமானம் ஒன்று 22,300 கிலோ எரிபொருளோடு கிளம்பியிருக்க வேண்டும். லிட்டரிலிருந்து எடைக்கு மாற்றும்போது பவுண்டுக்கு உரிய எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். 22,300 என்ற எண் கிடைத்தது, ஆனால் அது கிலோ அல்ல, பவுண்டு. பத்தாயிரம் கிலோவுக்குச் சற்று மேல். நடுவானில் எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றன. கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானத்தளத்தில் விமானி அதைச் சறுக்கி இறக்கினார். அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை.

வீட்டிலும் இதற்கு இடம் உண்டு. வெளிநாட்டில் பிறந்த குழந்தையோடு வரும் பெண்கள் எடையைப் பவுண்டில் சொல்வார்கள். ‘44’ என்று சொல்லிவிட்டு அலகைச் சொல்லாமல் விட்டால், 20 கிலோ பிள்ளையை 44 கிலோ என்று எழுதிவிட முடியும். பிள்ளைகளுக்கு மருந்தின் அளவை எடை பார்த்துத்தான் மருத்துவர் தீர்மானிக்கிறார். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கொடுக்கும் காய்ச்சல் மருந்து 300 மில்லிகிராமுக்குப் பதில் 660 ஆகிவிடும். எண்ணைச் சொல்லாதீர்கள், பிள்ளையைத் தராசில் நிறுத்துங்கள்.

பிறந்த குழந்தை ‘ஏழு பவுண்டு எட்டு அவுன்ஸ்’ என்றால் 7.8 பவுண்டு அல்ல. எட்டு அவுன்ஸ் அரைப் பவுண்டு. ஆகவே 7.5 பவுண்டு, 3.4 கிலோ.

கையில் கருவி இல்லாதபோது மனக்கணக்குக்கு ஒரு வழி உண்டு. பவுண்டைக் கிலோவாக்க, பாதியாக்கி அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 50 பவுண்டு: பாதி 25, அதில் 2.5 போக 22.5. சரியான விடை 22.68. கிலோவைப் பவுண்டாக்க, இரட்டிப்பாக்கி அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 23 கிலோ: 46, அதோடு 4.6, ஆக 50.6. விமானப் பெட்டிக்கு இது போதும். ஜகாத்துக்குப் போதாது. அங்கே கிராமில் எடையைக் கண்டு, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கமாவது கடைசிவரை வைத்திருங்கள். முழுதாக்குவதானால் கொடுக்கும் தொகையை மேலே முழுதாக்குங்கள், நிஸாபை அல்ல.

இன்றைக்கு இங்கிலீஷ் பவுண்டுக்கென்று தனியாக ஒரு மூலக்கல் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1959இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் கூடி, ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோ என்று முடிவு செய்தன. பவுண்டே கிலோவை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. ஆகவே எந்தக் குறிப்பு கிடைத்தாலும் முதலில் ‘இது எத்தனை கிராம்’ என்று கேளுங்கள். கிராம் எழுதாத ஜகாத் குறிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அந்த உம்மாவின் கணக்கு

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாலு வருஷத்துக்கும் பாக்கியா ஹஜரத்?" என்றார்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு வருடமும் அந்தத் தங்கத்திலிருந்தே ஜகாத் எடுத்துக் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? முதல் வருடம் 90 கிராம். அதில் இரண்டேகால் கிராம் போனால் 87.75. இரண்டாம் வருடம் கொடுத்த பின் 85.56. மூன்றாம் வருடத்துக்குப் பின் 83.42. நிஸாப் 87.48 என்பவர் கணக்கில் முதல் இரண்டு வருடம்தான் கடமை. 85 என்பவர் கணக்கில் மூன்று வருடம். நான்காம் வருடம் இரண்டு கணக்கிலும் இல்லை. இரண்டரை கிராம் வித்தியாசம் ஒரு வருட ஜகாத்தைத் தீர்மானிக்கிறது. தங்கள் குடும்பம் ஷாஃபிஈ, 85ஐத்தான் எப்போதும் எடுப்பார்கள் என்றார். ஆக மூன்று வருடம், மொத்தம் ஆறரை கிராமுக்குச் சற்று மேல்.

மறுநாள் அஸருக்குப் பின் அவரே வந்தார். உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது ஒரே கேள்விதானாம்: "ஒரு காசு எத்தனை கிராம்?" பத்து என்றதும், "அப்ப ஒரு காசை முழுசா வித்துக் குடுத்துடுங்க, மிச்சம் எதுக்கு எனக்கு?" என்றாராம். ஜகாத் நிய்யத் எவ்வளவுக்கு, ஸதகா நிய்யத் எவ்வளவுக்கு என்று மட்டும் பிரித்து எழுதித் தரச் சொன்னார். 6.58 கிராமின் விலையை ஜகாத் என்றும், மீதி 3.42 கிராமின் விலையை ஸதகா என்றும் எழுதிக் கொடுத்தேன்.